குமுதாவின் புதுப் பாட்டு

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். அந்தப் புதுப் பாட்டு மோசமான பாட்டு இல்லை. ராசாவில் இருக்கும் என் வீட்டிலிருந்து சுங்கை காடுட் தொழிற்சாலைக்கு மோட்டாரில் போகும்போது நானே அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்பதற்காக ஒருவரைக் காயப்படுத்துகிற ஆள் இல்லை இந்த யோகேந்திரன். அதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் பேராக் பக்கம் என்று பேச்சிலேயே தெரிகிறது. அதனால் குமுதவல்லி யார் என்று கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. மந்தினுக்கு உள்ளே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. தோட்டத்தில் வேலை குறைந்து எல்லோரும் ராசா, சிரம்பான் என்று வெளியேறியபோது அவள் குடும்பமும் வெளியேறியது. 'மோட்டார் மாமா' அவள் பாடியதுதான். உறுமி அடி, நடுவில் ஒரு விசில், பிறகு அவள் தொண்டையைத் திறந்து ஓர் இழுப்பு இழுப்பாள் பாருங்கள், கை கழுவப் போனவனும் திரும்பி வந்து ஆடுவான். எங்கள் பக்கம் அந்தப் பாட்டு போடாத கல்யாண வீடு கிடையாது.

வாட்ஸ்அப்பில் 'குமுதா ரசிகர் குடும்பம்' என்ற குழுவை ஆரம்பித்தவன் நான். யாரும் கேட்டு ஆரம்பிக்கவில்லை. பேனர் கட்டியது நான், டிக்கெட் விற்றது நான், வானொலிக்குப் போன் போட்டுப் பாட்டைக் கேளுங்கள் என்று ஆட்களை விரட்டியதும் நான். அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி கிடையாது.

போன வருஷக் கடைசியில் புதுப் பாட்டு வந்தது. 'இன்னிக்கு வேணாம்' என்று பேர். கோலாலம்பூரில் யாரோ ஒரு புது இசையமைப்பாளர். உறுமி இல்லை, விசில் இல்லை. பியானோவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அவள் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதுபோல் முணுமுணுக்கிறாள். இப்போது தொண்டையைத் திறப்பாள், இப்போது திறப்பாள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். பாட்டு முடிந்துவிட்டது. தொழிற்சாலையில் சாமான் ஏற்றும் வண்டியை நடுவில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். சூப்பர்வைசர் வந்து சத்தம் போட்ட பிறகுதான் எடுத்தேன்.

குழுவில் புனிதன் முதலில் வாயைத் திறந்தான். எங்கள் திருவிழாவுக்கு உறுமி அடிக்கிறவன். “ப்ரோ, புதுப் பாட்டு கேட்டேன். தூக்கம் வருது லா,” என்று குரல் அனுப்பினான். நான் சிரிக்கிற முகம் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். உடனே ஹஃபீஸா குதித்துவிட்டாள்.

ஹஃபீஸா யாரென்று உங்களுக்குத் தெரியும், புகார் கொடுத்தவளே அவள்தான். ராசாவில் அவள் அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருப்பவள். குழுவில் ஆரம்பம் முதல் இருக்கிறாள், அதை நான் மறுக்கவில்லை.

“அண்ணே, அவங்க வளந்துட்டாங்க,” என்றாள். “நாமதான் இன்னும் கல்யாண மண்டபத்துலயே நின்னு ஆடிக்கிட்டு இருக்கோம்.”

வளர்ச்சி. இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. முன்னாடி என்ன, குட்டையாகவா இருந்தாள் என்று எழுதினேன். நாலு பேர் சிரித்தார்கள். அவள் விடவில்லை. “கத்துனாதான் பாட்டா அண்ணே? மெதுவா பாடறதுக்குத்தான் மூச்சு கூட வேணும். ஒரு தடவ ஹெட்போன் போட்டுக் கேளுங்க லா.” எனக்குப் பாட்டு கேட்கச் சொல்லிக் கொடுக்கிறாள். மறுநாள் இன்னொருத்தி பரிந்துகொண்டு வந்தாள், அதற்கு மறுநாள் இன்னொருவன். கலைஞர் என்றால் மாற வேண்டுமாம். ரசிகன் கூடவே மாற வேண்டுமாம். வாய் கிழியப் பேசினார்கள். குமுதா நோட்டீஸ் ஒட்ட ஆள் இல்லாமல் நின்றபோது இவர்களில் ஒருவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

சரி, ஒரு முடிவுக்கு வரட்டும் என்று குழுவில் வாக்கெடுப்பு வைத்தேன். பழைய குமுதாவா, புதிய குமுதாவா. புதியது ஜெயித்தது. அந்த வாக்கெடுப்பை அழித்துவிட்டேன். குழு நடத்துகிறவனுக்குப் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது.

அதன் பிறகுதான் குமுதாவின் வானொலிப் பேட்டி. பழைய பாட்டைப் பற்றிக் கேட்டார்கள். “'மோட்டார் மாமா' கேட்டா இப்ப எனக்கே சிரிப்பா வருது. சின்னப் பொண்ணு, சும்மா கத்திக்கிட்டு இருந்தேன்,” என்றாள். பேட்டி எடுத்தவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து, சொல்லுங்கள். அந்தப் பாட்டுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினவன் யார்? வயிறு எரிந்தது, இன்ஸ்பெக்டர். அதை மறைத்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

ஆனாலும் அவள் போன் செய்தபோது அன்பாகத்தான் பேசினேன்.

“அண்ணே, நம்ம ஆளுங்களே திட்டறாங்க. கேஎல்ல பெரிய மேட கெடச்சிருக்கு. புதுப் பாட்ட அங்க முழுசா பாடணும். அது நல்லபடியா நடந்துட்டா அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பயமா இருக்குண்ணே.”

“திருவிழா வருதேம்மா,” என்றேன். “ஆத்தாவுக்குப் பால்குடம் எடு. நாக்குல அலகு போட்டுக்க. எல்லாம் நல்லா வரும்.”

“நீங்கதானே குத்துவீங்க?”

“வேற யாரு?”

தோட்டத்தில் இப்போது ஆள் இல்லை என்றாலும் மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். ஆற்றங்கரையில் அலகு குத்துகிறவன் நான். சேவையாகச் செய்கிறேன், கூலி வாங்குவதில்லை. நானும் விரதம் இருந்துதான் அலகைத் தொடுவேன். என் கை பட்டால் ஒரு சொட்டு ரத்தம் வராது என்று எங்கள் ஆட்களிடம் பேர் உண்டு.

உங்கள் பக்கமும் இப்படித்தானா என்று தெரியவில்லை, எங்களிடம் ரத்தம் வந்தால் குத்தியவன் கையை யாரும் பார்க்க மாட்டார்கள். விரதத்தில் குறை என்பார்கள். கறி தொட்டிருப்பாள், தீட்டு வீட்டுக்குப் போயிருப்பாள் என்று அலகு போட்டுக்கொண்டவர் தலையில்தான் விழும். இது எனக்கு நன்றாகத் தெரியும். முன்கூட்டியே தெரியுமா என்று நேற்றுக் கேட்டீர்கள். தெரியும்.

திருவிழாவன்று குமுதா மஞ்சள் புடவையில் குளித்து ஈரத்தோடு வந்து நின்றாள். புனிதன் உறுமி அடித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அருள் ஒன்றும் வரவில்லை, பயம்தான் இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாக்கை நீட்டினாள். அந்த நேரத்தில் எனக்குக் கோபமே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு எந்த இடத்தில் குத்துவேனோ அந்த இடத்தில் அவளுக்குக் குத்தவில்லை. சுத்தம் செய்து விபூதி போட்டுத் தாம்பாளத்தில் வைத்திருந்த அலகையும் எடுக்கவில்லை. துருப்பிடித்த பழையது ஒன்று என் இடுப்பில் இருந்தது. காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போதே செருகிக்கொண்டு வந்திருந்தேன்.

ரத்தம் வந்தது. அவள் அம்மா லெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, “தாயே, எம்புள்ள தெரியாம ஏதாச்சும் செஞ்சிருப்பா, மன்னிச்சிரு,” என்று மண்ணில் விழுந்தார். கேஎல் போனால் விரதமாவது ஒன்றாவது என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் துண்டால் அவள் வாயைத் துடைத்துவிட்டேன். அவள் பால்குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் வரைக்கும் நடந்தாள், ஓர் இடத்தில்கூட இறக்கி வைக்கவில்லை. அது பெரிய விஷயம்.

பிறகு நாக்கு வீங்கியது, காய்ச்சல் வந்தது, சீழ் வைத்தது. ஆத்தா கோபம் தணியட்டும் என்று வீட்டில் வேப்பிலை அரைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோது அப்படியே செய்யுங்கள் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நாக்கில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்றாராம் டாக்டர். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். அந்தக் கோலாலம்பூர் மேடை வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது.

குழுவில் கண்டபடி எழுத ஆரம்பித்தார்கள். யாரும் தங்கச்சியைக் குறை சொல்லக் கூடாது என்று நான் கண்டித்து எழுதினேன். இப்போது அங்கே சண்டை இல்லை. வளர்ச்சி கிளர்ச்சி என்று ஒருவரும் பேசுவதில்லை. எல்லோரும் 'மோட்டார் மாமா'வைத்தான் மாறி மாறிப் போடுகிறார்கள். பழைய நாள் மாதிரியே இருக்கிறது.

ஹஃபீஸா மட்டும்தான் அடங்கவில்லை. அன்றைக்கு ஆற்றங்கரையில் ஓரமாக நின்று போனில் படம் பிடித்திருக்கிறாள். விரதம், குறை எல்லாம் அவளுக்குத் தெரியாது. அதனால் என் கையைப் பார்த்திருக்கிறாள். தொழிற்சாலை வாசலில் வந்து நின்று கேட்டாள். “மத்தவங்களுக்கெல்லாம் தட்டுலேர்ந்து எடுத்தீங்க. அவங்களுக்கு மட்டும் ஏன்ணே இடுப்புலேர்ந்து எடுத்தீங்க?”

அவளுக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். தெரிந்துதான் செய்தேன். பாடக் கூடாது என்றுதான் செய்தேன். என்ன பிரிவில் போடுவீர்களோ போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இந்தப் புகாருக்கு முன்னால் குமுதா எனக்கு ஒன்று அனுப்பியிருந்தாள். பேச முடியாததால் எழுதி அனுப்பியிருந்தாள். “அண்ணே, ஆத்தா என்னை மன்னிக்கணும். அடுத்த வருஷமும் நீங்கதான் குத்தணும். இந்தத் தடவ விரதத்த சரியா புடிக்கிறேன்.” சரிம்மா என்று பதில் போட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன், இன்ஸ்பெக்டர். அடுத்த திருவிழாவுக்குள் என்னை விட்டுவிடுவார்களா? பழக்கமில்லாத ஆள் யாராவது கை வைத்தால் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும்.