சொல்லாமல் விட்ட சொல்

எனக்கு ஆட்களுக்கு முன்னால் சத்தம் வராது. பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பெயர் கூப்பிடும்போது நான் சொல்லும் பதில் ரீச்சருக்குக் கேட்காது. பக்கத்தில் இருந்த தனுஷியாதான் எனக்காகக் கையை உயர்த்துவாள். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

அண்ணன் யதுர்ஷன் தன்னாமுனைப் பக்கம் மோட்டார் சைக்கிளோடு விழுந்து, மண்டையில் அடிபட்டு, மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான். நடந்தான், சிரித்தான், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். தொடங்கியதை நிறுத்த மட்டும் தெரியவில்லை. தண்ணீர் அள்ளத் தொடங்கினால் வாளிகள் நிரம்பி முற்றம் சேறாகும்வரை அள்ளினான். மனதில் வந்ததெல்லாம் வாயிலும் வந்தது. கிளினிக்கில் டொக்டரைப் பார்த்து, "வயிறு எத்தின மாசம் ஐயா?" என்றான்.

டொக்டர் சிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நெத்திக்குப் பின்னால இருக்கிற மூளைதான் மனிசனுக்குப் பிறேக். இவருக்கு அதுதான் அடிபட்டது. இனி நீங்கதான் இவருக்குப் பிறேக்."

அம்மா புளியந்தீவில் ஒரு விடுதியில் சமைக்கிறார். ஆகவே சோதனை எழுதவேண்டிய வருடத்தில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். "காணும் அண்ணா, போதும்" என்று சொல்வதுதான் என் வேலை. சோற்றுக்குக் காணும், தண்ணீருக்குக் காணும், சிரிப்புக்குக் காணும். சொன்ன உடனே நிறுத்திவிடுவான். ஒருநாளும் அவன் என் சொல்லை மீறியதில்லை.

ஒரு பின்நேரம் அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த என் கொப்பியை எடுத்துவிட்டான். முற்றத்தில் நின்று உரத்து வாசித்தான்: "அண்ணன் அன்றைக்கே செத்திருந்தால் நான் சோதனை எழுதியிருப்பேன்." கோபப்படவில்லை.

"வடிவா எழுதியிருக்காய் தங்கச்சி," என்றான்.

பிறகு அந்த வசனத்தை ஆட்டுக்குச் சொன்னான். கிணற்றுக்குச் சொன்னான். காணும் என்றேன், நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தொடங்கினான். அம்மா ஐந்து மணி பஸ்ஸில் வருவார். வந்ததும் அவர் காதில் முதலில் விழப்போவது அந்த வசனம்தான்.

அதனால் அவனை வாவிக்குக் கூட்டிப்போனேன். களைத்தால் மறந்துவிடுவான் என்று நினைத்தேன். அது பிழையான யோசனை இல்லை.

"காலால தடவித் தடவிப் போ அண்ணா, இறால் இருக்கும்," என்றேன்.

போனான். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. இடது கையில் பிடிப்பு இல்லாததால் இப்போது அவனுக்கு நீந்த வராது. வலை கட்டும் கம்புகளுக்கு அங்கால் ஆழம். சின்ன வயதிலிருந்தே எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். தெரிந்தாலும் தானாக நிற்க அவனால் முடியாது.

கம்படியில் திரும்பிப் பார்த்தான்.

"காணுமா தங்கச்சி?"

வாயைத் திறந்தேன். கரையில் ஆட்கள் நிற்கும்போது எப்படிக் கத்துவது என்று யோசித்தேன். ஐந்து மணியை யோசித்தேன். சொல் நாக்கில்தான் இருந்தது. அதை அங்கேயே பிடித்து வைத்திருந்தேன். டொக்டர் சொன்ன பிறேக் எனக்கு நன்றாக வேலை செய்கிறது.

இன்னொரு முறை கேட்டான். ஒருவரும் சொல்லாதபடியால் நடந்தான்.

பொலிசில் வாக்குமூலம் எடுக்கும்போது, "காணும் எண்டு கத்தினேன், அவனுக்குக் கேக்கல்ல," என்றேன். என்ன சொன்னேன் என்று அவர்கள் இரண்டு தரம் கேட்டார்கள். அதற்குப் பிறகு நம்பிவிட்டார்கள்.

அம்மா என் தலையைத் தடவினார். "என்ர புள்ளைக்கு எப்பவும் சத்தம் வராதே. எவ்வளவு கத்திப் பாத்திச்சோ," என்று பக்கத்து வீட்டாருக்குச் சொல்லி அழுதார். அந்தக் கைக்குக் கீழே தலையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். இப்போதும் ஒவ்வொரு நாளும் தடவுகிறார். ஒவ்வொரு நாளும் இருக்கிறேன்.

கரையில் ஆட்கள் நின்றார்கள், அதனால்தான் கூச்சத்தில் சத்தம் வரவில்லை என்று இந்தக் கொப்பியில் மூன்று தரம் எழுதி மூன்று தரமும் வெட்டியிருக்கிறேன். மேலேயும் ஒரு தரம் எழுதிவிட்டேன். அதை வெட்டாமல் விடுகிறேன்.

அண்ணனுக்கு முன்னால் எனக்கு எப்போதும் சத்தம் வந்தது. அன்றைக்குக் கரையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.