பாட்டுக்கு வந்த புகார்

— முழுசா வாசி தங்கச்சி, பாதியில நிப்பாட்டாத. அதுக்குத்தான கொடைக்கானல் பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் போட்டு, இந்த மழையில ஜீப்பை ஒங்க வாசல் வரைக்கும் ஏத்திக் கொண்டாந்தேன்.

— வாசிச்சிட்டேன்ல மதன் அண்ணே. உங்க வீடியோ மேல காப்பிரைட் கம்ப்ளைன்ட் வந்திருக்கு, எடுத்துட்டாங்க. இது மூணாவது தடவைங்கறதால உங்க அக்கவுன்டையே மூடிட்டாங்க. அவ்ளோதான்.

— காப்பிரைட்டுன்னா என்னா மவளே?

— ஒருத்தரோட பாட்டை அவங்களைக் கேக்காம இன்னொருத்தர் எடுத்துப் போடக் கூடாதும்மா. அந்த உரிமை.

— அது என் பாட்டுதானே? காப்பிப் பழம் பறிக்கிறப்ப நானா கட்டிப் பாடுனது. தம்பி செல்லுல புடிக்கவான்னு கேட்டுச்சு, நான்தான் நல்லாப் புடின்னேன். இதுல இன்னும் யாரைக் கேக்கணும்?

— அதைத்தான் ராக்கம்மாக்கா நானும் கேக்கேன். மொத ரெண்டு தடவை தப்பு என் மேல, ஒத்துக்கிறேன். வளைவுல வண்டி ஏறுறதைப் புடிச்சுப் போட்டேன், உள்ள சினிமாப் பாட்டு ஓடிக்கிட்டு கெடந்துச்சு. கேசட்டுக் கம்பெனிக்காரன் புகார் பண்ணான், எடுத்துட்டாங்க. ரெண்டாவதும் அதே கதை. சரிதான்னு விட்டேன். இது ஒங்க பாட்டு. இதுக்கு எவன் வந்தான் சொந்தக்காரன்?

— அந்த சைட்டுக்காரங்களுக்கே எழுதிக் கேளுங்களேன் அண்ணே.

— எழுதாமயா இருப்பேன்? சென்டர் வச்சிருக்க ராபினை விட்டு நாலு மெயில் போட்டாச்சு. ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துருது. நாலுக்கும் ஒரே பதில், ஒரு எழுத்து மாறல. ஒங்க கடிதம் வந்துச்சு, நன்றிங்கான். மிஷினு பேசுது தங்கச்சி. நம்ம தாலுகா ஆபீஸ்லயாவது ஒரு ஆளு ஒக்காந்துருப்பான், மூஞ்சியப் பாத்து நாலு வார்த்தை கேக்கலாம். இங்க ஆளே இல்ல.

— போகட்டும் விடு தம்பி. ஒரு பாட்டுதானே. அதுக்குப் போயி ஞாயித்துக்கெழமையும் அதுவுமா நனைஞ்சுக்கிட்டு வந்து நிக்கிற. சுமா, அண்ணனுக்கு ஒரு பிளேன்டீ ஊத்து.

— டீ வேண்டாங்க்கா. பாட்டு போனாப் போகுது. நான் வேற ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்லன்னு தெரியாம இந்தப் பேப்பரையே சுத்திக்கிட்டு இருக்கேன்.

— என்னா, நெசமாவே மூஞ்சி வாடிக் கெடக்கு? சொல்லு.

— ஒங்க பாட்டுல ஒங்க அண்ணன் பேரு வரும்ல?

— ஆமா, அழகுமலை. அண்ணே அழகுமலை, அந்தக் கரையில நின்னியேன்னு தொடங்கும். தலைமன்னார்ல கப்பல் ஏறுறப்ப நின்னான். குடியுரிமையைப் பிரிச்சுக் குடுத்தப்ப எங்களுக்கு இந்தியா கெடைச்சுச்சு, அவனுக்கு சிலோன் கெடைச்சுச்சு. அவன் நின்னதை வச்சுத்தான் பாட்டே கட்டுனேன்.

— போன வாரம் சனிக்கெழமை சாயங்காலம் அந்தப் பாட்டுக்குக் கீழ ஒரு பையன் எழுதியிருந்தான். ராபின்தான் வாசிச்சுச் சொன்னான். எங்க தாத்தா பேரு அழகுமலை, கப்பல் ஏறுன தங்கச்சியைப் பத்தி எங்ககிட்டச் சொல்லிக்கிட்டே இருப்பாரு, இந்தப் பாட்டைக் கேட்டதுல இருந்து அழுதுக்கிட்டு இருக்காரு, ஒடம்பு ரொம்ப முடியல, இந்த நம்பருக்குப் பேசுங்கன்னு. நம்பரும் போட்டிருந்தான்.

— அம்மா. அம்மா, ஒக்காரு. அண்ணே, அந்தச் செம்புத் தண்ணியை எடுங்க.

— எனக்கு ஒண்ணுமில்ல. விடு சுமா, விடுங்கறேன்ல. தம்பி, அவன் உசுரோட இருக்கானா?

— போன வாரம் சனிக்கெழமை வரைக்கும் இருந்திருக்காருக்கா.

— அந்த நம்பரைக் குடு.

— அதைக் கேட்டுருவீங்களேன்னுதான் ஒரு வாரமா இந்தப் பக்கமே வரல. எழுதி வைக்கலக்கா.

— ஏன் தம்பி?

— மடத்தனம், வேற என்ன சொல்ல? மறுநாள் ஒங்களை ஜீப்புல கூட்டிப் போயி, அங்க ஒக்கார வச்சு, பாட்டை ஓட விட்டு, கீழ எழுதுனதை வாசிக்கச் சொல்லி, அங்கனயே போனையும் போட்டுக் குடுக்கணும்னு நெனச்சேன். ஒங்க மூஞ்சியப் பாக்கணும்னு ஒரு ஆசை. மறுநாள் வண்டி பிரேக் போச்சு. திங்கக்கெழமை போய்ப் பாத்தா பாட்டைக் காணோம். பாட்டோட கீழ எழுதுனதும் போச்சு. ஒரு பீடிக் கட்டு அட்டையில கிறுக்கி வச்சிருக்கலாம். என்னை நெனச்சா எனக்கே அசிங்கமா இருக்குக்கா.

— சனிக்கெழமையா? நான் பாக்கறப்ப கீழ ஒண்ணுமே இல்லையே அண்ணே. ஒரு வரி கூட இல்ல.

— நீயும் பாத்தியா தங்கச்சி? எப்ப?

— அதுக்கு மொத நாளு, வெள்ளிக்கெழமை. ஆபீஸ்ல எல்லாரும்தான் பாத்தாங்க.

— பாத்தியா மவளே? சொல்லவே இல்ல. தொடக்கத்துல ஒன்னைப் பத்திச் சொன்னேனே, அதுவும் வந்துச்சா?

— வந்துச்சு. எம் மவ சுமலதா, கொடைக்கானல் பெரிய ஸ்கூல்ல ஆபீஸ் வேலை, அவ கேக்கணும்னுதான் பாடறேன்னு சொல்லிச் சிரிச்ச. எங்க ஆபீஸ் கித்தேரியம்மாள் மேடம் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வச்சாங்க. உங்க டீச்சரம்மா நல்லாப் பாடறாங்களேன்னாங்க.

— எந்த டீச்சரம்மா?

— நான் அங்க எங்கம்மா டீச்சர்னு சொல்லி வச்சிருந்தேன்மா. சேர்ந்த நாள்லயே சொல்லிட்டேன், அப்புறம் மாத்த முடியல. நீ அதுல இடுப்புல சாக்கைக் கட்டிக்கிட்டு, வாயெல்லாம் வெத்தலையோட என் பேரைச் சொல்றே. எல்லாரும் சிரிச்சாங்க. வெக்கமா இருந்துச்சும்மா. ஒன்னை நெனச்சு வெக்கமா இருந்துச்சு. இப்ப என்னை நெனச்சு இருக்கு. அந்த வெள்ளிக்கெழமை நான் எவ்வளவு கேவலமா நெனச்சேன்னு ஒனக்குத் தெரியாது.

— ஏன் அழற? வெக்கப்படறது இருக்கறதுதான். நானும் பாடறதுக்கு முன்னாடி அந்தச் சாக்குப் படங்கை அவுத்து வச்சிருக்கணும். சாக்கை இடுப்புல கட்டிக் கட்டிப் பழகுனதுல அது இருக்கறதே எனக்குத் தெரியல.

— அம்மா, அப்படிப் பேசாத ப்ளீஸ்.

— யக்கா, அவ அழுவட்டும், பெறகு சமாதானம் பண்ணிக்கலாம். நமக்கு இப்ப சோலி வேற. லெட்டரு, அட்ரஸு, எதுவுமே கையில இல்லையா?

— எண்பத்து மூணு கலவரத்துக்குப் பெறகு லெட்டரு நின்னு போச்சு. அவன் இருந்த தோட்டத்துக்கு எழுதுனதெல்லாம் திரும்பி வந்துருச்சு. அவன் என்னைத் தேடியிருந்தாலும் கெடைச்சிருக்க மாட்டேன் தம்பி.

— ஏங்க்கா?

— ஒனக்குச் சொல்றதுக்கு என்னா. கண்டியில எழுதுன கப்பல் பேப்பர்ல என் பேரே வேற. பேப்பரு வந்தது எங்கக்காளுக்கு. கப்பலுக்கு ஆறு மாசம் இருக்கறப்ப காச்சல்ல செத்துப் போனா. அவ பேர்ல என்னை ஏத்தி விட்டாங்க. சர்க்காருக்கு நான் எங்கக்காதான். புடிச்சுத் திருப்பி அனுப்பிருவாங்களோன்னு இத்தனை வருஷமா அந்தப் பேரை ஒருத்தர்கிட்டயும் சொல்லல. பேப்பரு பொட்டிக்கு அடியில கெடந்துச்சு. இவ வேலைக்குச் சேர்றப்ப என்னமோ சர்டிபிகேட்டுக்கு வேணும்னு எடுத்தா. இவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

— அம்மா, அதெல்லாம் இப்ப எதுக்கு?

— தம்பி கேக்குதுல்ல. எங்க அண்ணனுக்கு ராக்கம்மாவைத்தான் தெரியும். ராக்கம்மான்னு ஒருத்தி எந்த ரிஜிஸ்தர்லயும் இல்ல. அந்தப் பாட்டுல மட்டும்தான் இருந்தேன்.

— அப்ப அந்தப் பாட்டை விட்டா வேற வழியில்ல. கேட்டீங்களா, ராபின் ரெண்டு வழி சொன்னான். நாம எதிர் மனு போடலாம். அதுக்கு என் பேரு, வீட்டு அட்ரஸு, வெளிநாட்டுக் கோர்ட்டுல கேஸு போட்டாலும் சம்மதம்னு எல்லாம் எழுதிக் குடுக்கணுமாம். குடுத்துட்டுப் போறேன், ஜீப்பைத் தவிர என்கிட்ட என்ன இருக்கு? ஆனா அதுக்கே பத்துப் பதினஞ்சு நாளாவும்.

— பதினஞ்சு நாளு அவன் தாங்குவானா?

— அதான் ரெண்டாவது வழி. புகார் பண்ண ஆளே, தப்பா எழுதிட்டேன், திருப்பிப் போட்ருங்கன்னு ஒரு மெயில் போட்டா வெரசா வந்துருமாம். பாட்டும் வரும், கீழ இருக்க நம்பரும் வரும். அந்த ஆளைக் கண்டுபுடிச்சாப் போதும். பேரு அடியில இருக்கும்னு ராபின் சொன்னான், அவன் கடையில கூட்டம், வாசிச்சுச் சொல்ல நேரமில்ல. அதை வாசி தங்கச்சி.

— பேரெல்லாம் இல்லண்ணே. வெறும் மெயில் ஐடிதான் இருக்கு.

— நல்லாப் பாரு.

— பாத்துட்டேன். இல்ல.

— கொண்டா இங்க. நம்பர் பிளேட்டும் லாட்ஜு போர்டும் வாசிக்கிற அளவுக்கு எனக்கும் எழுத்துத் தெரியும். இந்தா, கடைசி வரி. கே, ஏ, எல், ஐ. காளி. வொய், ஏ, வொய், ஐ. காளியாயி.

— அண்ணே, பேப்பரைக் குடுங்க.

— இரு தங்கச்சி. காளியாயி. பக்கத்துலயே தாண்டிக்குடின்னு வேற போட்டிருக்கு. நம்ம ஊருப் பொம்பளையா? எனக்குத் தெரிஞ்சு இங்க காளியாயின்னு யாரும் இல்லையே. யக்கா, ஒங்க லயத்து வீடுங்க பக்கம் யாராவது இருக்காங்களா?

— அம்மா...

— நீ சும்மா இரு மவளே.

— கவுஞ்சியில இருந்து கன்னிவாடி வரைக்கும் சவாரி ஓட்டுறேன், ஊருக்கு நாலு பேரைத் தெரியும். சாகக் கெடக்கற மனுசனுக்கும் கூடப் பொறந்தவளுக்கும் நடுவுல வந்து நின்னவ எவளா இருந்தாலும் சரி, தேடிப் புடிச்சு மூஞ்சியில காறித் துப்பாம விட மாட்டேன்.

— அண்ணே, நான் சொல்லிர்றேன். அது வந்து...

— ஒன்னைச் சும்மா இருன்னேன் சுமா. தம்பி, தேடிப் போக வேணாம், துப்பறதை இங்கனயே துப்பு. கப்பல் பேப்பர்ல இருக்க காளியாயி நான்தான். படங்கோட நின்னது எனக்கு வெக்கமாப் போச்சு, எடுக்கச் சொல்லி நான்தான் இவளை எழுதச் சொன்னேன். வண்டியை எடு, எழுதுன கையே திருப்பிக் கேட்டு எழுதட்டும்.