மூக்கின்மேல் ஒரு கட்டைவிரல்

நாற்காலியில் அசையாமல் உட்காருவதும் ஒரு வேலைதான் என்றால் யாரும் நம்புவதில்லை. நீயும் நம்பவில்லை, உன் சிரிப்பிலேயே தெரிகிறது, மகளே. போகட்டும், தேநீர் ஆறுமுன் குடி. அந்தச் சின்னப் பலகைப் படத்தில், மூக்கின்மேல் பதிந்திருப்பது யாருடைய கட்டைவிரல் என்றுதானே பூதக்கண்ணாடியும் கையுமாக வந்திருக்கிறாய்? சொல்கிறேன்.

போர் முடிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஆம்ப்ரோஸ் பென்ரி லண்டனில், கேம்டன் டவுனில் ஒரு நிலக்கரிக் கிடங்கின் மாடியில் வரைந்துகொண்டிருந்தார். முதலில் என்னைப் பார்த்து, ஒரு சாண் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் மாதிரி தீட்டிக்கொண்டார். பெரிய கான்வாஸ் துணிக்குத் திரும்பிய பிறகு என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தே தீட்டுவார். ஆனாலும் நான் எதிரே இருக்க வேண்டும். காலி நாற்காலி என்றால் கை ஓடாதாம்.

“ஆளுன்னா கொட்டாவி விடும், கோவிச்சுக்கும், கிழவியாவும். பலகை பொய் சொல்லாது, வின்னி,” என்பார்.

ஒரு படம் முடிந்தால் அந்த முகத்தை மறுபடி தொடுவதில்லை. அது அவர் வழக்கம்.

இரண்டாம் இலையுதிர் காலத்தில், “வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிடும். அடுத்து தொப்பிக்கடை ஐவி. என்ன தாடை அவளுக்கு!” என்றார்.

“அந்தத் தாடை ஒரு நிமிஷம் சும்மா இருக்காதே.”

“ஆடட்டுமே. நான் பலகையத்தானே பாக்கப் போறேன்?”

சொல்லிவிட்டு மண்ணெண்ணெய் வாங்கக் கீழே போனார். வண்ணத்தை அவர் வெண்ணெய் போல அப்புவார். உள்ளீரம் காய வருஷக்கணக்காகும். பலகையில் என் மூக்கைக் கட்டைவிரலால் ஓர் அரிசி அளவு இடப்பக்கம் தள்ளினேன். அவ்வளவுதான்.

மறுநாள் வெகுநேரம் நின்று பார்த்தார். “மூக்கு நேத்தும் இங்கேதான் இருந்துச்சா?”

“எம் மூக்கு எங்க போகும்? காலையில முகம் கழுவுறப்ப இருந்துச்சே.”

சிரித்தார். பிறகு துணியிலிருந்த முகம் முழுவதையும் கத்தியால் வழித்துச் செய்தித்தாளில் துடைத்தார். ஒன்று பிசகினால் எல்லாவற்றையும் வழிப்பது அவர் முறை.

அடுத்தமுறை இமை. பிறகு உதட்டோரம். மேலே காய்ந்துவிட்டால் ஒரு துளி டர்பன்டைன் போதும். இப்படி ஐந்து குளிர்காலம் போயிற்று. கண்காட்சிக்காரர்கள் மூன்று தடவை சுவரில் இடம்விட்டுக் காத்திருந்து, பிறகு கடிதம் போடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

கண் மருத்துவரிடமும் போய்வந்தார். “கண்ணுல ஒரு கோளாறும் இல்லையாம். அப்ப மண்டைக்குள்ளதான் ஏதோ கெட்டுப்போச்சு. உனக்கு ஏதாவது தெரியுதா? நெசத்தச் சொல்லு, வின்னி.”

பலகையைத் தீட்டிய பிறகு, இத்தனை வருஷத்தில் அன்றுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“கொஞ்ச நாளாவே நீங்க நீங்களா இல்ல, ஆம்ப்ரோஸ்,” என்றேன். மென்மையாகத்தான் சொன்னேன்.

அந்த வாரமே தூரிகைகளை அடுப்பில் போட்டார். பன்றிமயிர் கருகிய நாற்றம் லேசில் போகாது. இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து வைத்தேன். அதன்பின் ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தார். வாரம் இருமுறை சூப் கொண்டுபோய் எதிரே உட்காருவேன். கிண்ணம் கண்ணெதிரே இருந்தாலும், கையால் தடவிப் பார்த்த பிறகுதான் அது அங்கே இருப்பதை நம்புவார்.

ஐவி ஒருநாள் படியேறி வந்து, தன்னை வரையச் சொல்லிக் கேட்டாள். திருப்பி அனுப்பிவிட்டார். தூரிகையையே விட்டாரே தவிர, இன்னொரு முகத்துக்குப் போகவில்லை, மகளே. அவ்வளவு பிரியம் என்மேல்.