கரண்டியில் வார்த்த ஈயம்

(வெள்ளவத்தைத் தூண்டில் நண்பர் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் திரு. சிவபாதசுந்தரம் ஆற்றிய உரை)

இந்த மண்டபத்தில் இரண்டு கைப்பிடியும் உள்ள ஒரே கதிரையில் நிறைந்து வீற்றிருக்கும் கழகத் தலைவர் திரு. நாகேந்திரம் அவர்களே! போன வருடம் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதிலை யோசித்துக்கொண்டிருக்கும் செயலாளர் சாந்தகுமார் அவர்களே! மின்விசிறிக்குக் கீழே முன்கூட்டியே இடம்பிடித்த மூத்த உறுப்பினர்களே! ஞாயிறுதோறும் எங்களை வீட்டை விட்டு அனுப்பிவைத்து இந்தக் கழகத்தை வாழவைக்கும் தாய்மார்களே! கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து நேரத்துக்குச் சேர்ந்த என் அயலவர்களே! அடுத்த ஒழுங்கையிலிருந்து நடந்து, அரை மணி பிந்தி வந்த வெள்ளவத்தைப் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

கெண்டை மீனுக்கு ஏற்ற தூண்டில் ஈயத்தைத் தெரிவுசெய்வதும் பயன்படுத்துவதும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. இதைப் பேச முதலில் அழைக்கப்பட்டவர் நான் அல்ல. அவருக்கு இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. அதனால் எனக்கு மேடை கிடைத்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்தவை எல்லாம் இப்படி யாருக்காவது எங்காவது பிடித்துக்கொண்டதால் கிடைத்தவைதான்.

ஆனாலும் அவையோரே, ஈயத்தைப் பற்றிப் பேச என்னைவிடப் பொருத்தமானவன் யார்? இன்று வாக்கெடுப்புக்கு வரும் இரண்டாம் தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் யார்? நான்! மீன் நூலை அறுத்துக்கொண்டு போனால் கழன்று விழாதபடி ஈயத்தை இறுக்கிக் கட்டுகிறவரைக் கழகத்திலிருந்து ஆயுள் முழுவதும் விலக்க வேண்டும் என்று முழங்கியவன் யார்? நான்! அந்தத் தீர்மானம் நிறைவேறினால் முதலில் வெளியே போகிறவன் யார்?

(சபையிலிருந்து: "நீர்தான்!")

நன்றி. இவ்வளவு ஒற்றுமையாக நீங்கள் எனக்குப் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை.

புதியவர்களுக்காக ஈயத்திலிருந்தே தொடங்குகிறேன். ஈயம் எதற்கு? தூரம் எறிய என்பீர்கள். அது பாதி. கெண்டை இரையைக் கடிப்பதில்லை. உறிஞ்சிப் பார்க்கிறது, பிடிக்காவிட்டால் துப்பிவிடுகிறது. ஈயம் இலேசாக இருந்தால் அது துப்பியது உங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் கரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். பாரமாக இருந்தால், தலையைத் தூக்கும்போது பாரம் தட்டுப்படும், மீன் மிரண்டு ஓடும், ஓடும் ஓட்டத்தில் தூண்டில் ஊசி தானே தைக்கும். அப்படியானால் பாரமான ஈயமே நல்லதா? அப்படித்தான் நானும் பத்து வருடம் நினைத்தேன். வத்தளைக்கு அப்பால் நாம் போகும் குளத்தின் அடி கறுத்த சேறு. அதில் பாரமான குண்டை எறிந்தால் குண்டும் புதையும், இரையும் புதையும். மீன் மேலே நீந்திக்கொண்டு போகும். சேற்றுக்குத் தட்டை ஈயம், அதுவும் பாரம் குறைந்தது. சரிவான கல்லடியில் உருளாமல் கிடப்பதற்கும் தட்டை. தூரமே முக்கியம் என்றால் வெண்டிக்காய் போல நீண்டது. எது சரியென்று எப்படி அறிவது? ஈயத்தை இழுத்தெடுத்து மணந்து பாருங்கள். சேறு நாறினால் உங்கள் தெரிவு பிழை. நான் இவ்வளவு காலம் மணந்த சேற்றுக்கு இந்த மூக்கு இன்னும் முகத்தில் இருப்பதே பெரிய காரியம்.

இனிக் கட்டும் விதம். நூல் அறுந்தால் ஈயம் மீனை விட்டுக் கழன்றுவிட வேண்டும். அதற்கு ஈயத்தைத் தனியாக ஒரு நொய்ந்த நூலில் தொங்கவிட்டால் போதும். எத்தனை பேர் அப்படிச் செய்கிறோம்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். ...ஒருவர். அவரும் முதுகு சொறிகிறார்.

ஏன் செய்வதில்லை? ஈயம் போய்விடுமாம்! மகனின் கல்யாணத்துக்கு ஆயிரம் பேரைக் கூப்பிடுவோம். ஒரு துண்டு ஈயத்தைக் குளத்துக்கு விட மாட்டோம்! தங்கூசி நூலை இரட்டையாக மடித்து, முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டு, அதற்கு மேல் பசையும் பூசி... அந்தப் பசை பூசும் முறையைக் கண்டுபிடித்தவன் உங்கள் முன்னால் நிற்கிறான்.

(வெளியே ரயில் இரைச்சல்.)

ரயில் போகட்டும். எனக்கு வழிவிட அதற்கும் மனமில்லை.

இப்போது நம் கழகத்தின் தூண்டில் போட்டி நாளுக்கு வருகிறேன். ஆக நீளமான மீனுக்கு வெற்றிக் கிண்ணம். மத்தியானம் என் தூண்டிலில் ஒரு கெண்டை ஏறியது. கரைக்கு எடுத்தால், அம்மாடி, கை நீளத்துக்கு மீன்! ஆனால் நீளம் மட்டும்தான் இருந்தது. தலை பெரிது, உடல் கயிறு. வாயில் என் ஊசியோடு இன்னொரு பழைய ஊசி. அதிலிருந்து ஒரு முழ நூல், நூலின் முனையில் கழலாத ஈயம், ஈயத்தைச் சுற்றிப் பாசி. எத்தனை நாள் இழுத்துத் திரிந்ததோ, உதட்டின் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது.

நம் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு: முதல் ஊசி யாருடையதோ மீனும் அவருடையது. உடனே தலைவர் நாகேந்திரம் அவர்கள், அவருடைய கால் அவ்வளவு வேகமாக நடக்கும் என்று நான் அறியேன், ஓடி வந்தார்.

"ஐஸே சிவம், அது என்ர ஈயம். போன மாசம் அறுத்துக்கொண்டு போனது. மீன் என்ர!"

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவா வேண்டும்? அலுவலகத்தில் என்னைத் தாண்டி மேலே போனவர்கள், என் பெயரைப் பிழையாக அச்சடித்த அழைப்பிதழ்கள், கைப்பிடி உடைந்த என் கதிரை, எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தன. குளம் அதிரக் கத்தினேன். "இந்த ஈயத்தைக் கட்டினவன் மனுசனா? ஒரு உயிரை இப்படி மாசக்கணக்கா வதைச்சவன் கையால இனித் தூண்டில் தொடலாமா? ஆயுள் தடை! நான் தீர்மானம் கொண்டு வாறன்!"

கைதட்டினீர்கள். நினைவிருக்கிறதா? எனக்கு யாரும் கைதட்டிப் பழக்கமில்லை. அதனால் இன்னும் இரண்டு தரம் சொன்னேன்.

தலைவர் குனிந்து அந்த ஈயத்தை மறுபடி பார்த்தார். "வடிவாப் பார்த்தா... என்ர மாதிரித் தெரியேல்லை" என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுப் பார்சலோடு வந்தார் என் மனைவி பத்மாவதி. பாசியை விரலால் வழித்தார். ஈயத்தைத் திருப்பினார்.

"இது எங்கட ரசக் கரண்டியெல்லே! இஞ்ச பாருங்கோ, நீங்கள் எலிக்கு எறிஞ்சு நெளிச்ச இடம்!"

ஆம் அவையோரே. பஞ்சிகாவத்தையில் டயர் கடைக்காரர்கள் கழற்றிப் போடும் ஈயத் துண்டுகளை வாங்கி வந்து, ரசக் கரண்டியில் உருக்கி, கரண்டியிலேயே ஆறவிட்டு எடுப்பது என் வழக்கம். நல்ல தட்டை ஈயம் கிடைக்கும். கரண்டியின் நெளிவும் அப்படியே விழும்.

(சபையிலிருந்து: "அதே கரண்டியிலதான் ரசமோ, அண்ணை?")

இல்லை! அது நெளிந்துபோன பழைய கரண்டி. ரசத்துக்கு வேறு வாங்கிவிட்டோம். பத்மாவதி, எழும்பிச் சொல்லும்... சரி, அவர் எழும்ப மாட்டார். வீட்டில் ஈயம் உருக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உருக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு. நான் உருக்கியது அறிவினால் அல்ல. கடையில் விற்பவர் வெள்ளவத்தைக்காரர் என்பதால்.

என் நிலையை எண்ணிப் பாருங்கள்! ஈயம் என்னுடையது என்றால் மீன் எனது, கிண்ணம் எனது; ஆயுள் தடையும் எனது. என்னுடையது அல்ல என்றால் நான் உத்தமன். ஆனால் கிண்ணம் போச்சு, பத்மாவதி பொய்க்காரி. உலகத்தில் எந்த வழக்கறிஞராவது தன் கட்சிக்காரனை இப்படிக் கட்டிப்போட்டதுண்டா? நான் என் வாயாலேயே கட்டினேன். பசையும் பூசினேன்.

இரண்டு ஊசியையும் ஈயத்தையும் கழற்றிவிட்டு மீனை விட்டோம். நீந்திப் போனது. பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. நகைச்சுவை பேச வந்தவன்தான், ஆனால் அந்த உதடு கண்ணுக்குள் வந்தால் சிரிப்பு வருவதில்லை.

என்னை விலக்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். விலக்கினால் ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருப்பேன். அதனால்தான் பத்மாவதி இன்று கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் ஒன்று. உறவினர்களோடு கதையில்லை, அலுவலகத்தில் நண்பரில்லை. சண்டை பிடிக்கவாவது எனக்கு மனிதர் இருக்கிற இடம் இது ஒன்றுதான்.

இதை யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். ஆனால் தலைவர் எப்படியோ அறிந்திருக்கிறார். என் தீர்மானத்துக்கு அவர் ஒரு திருத்தம் கொண்டு வந்திருக்கிறார்: "இறுக்கிக் கட்டுகிறவர்" என்பதற்கு முன்னால் "இனிமேல்" என்று ஒரு சொல் சேர்க்க வேண்டுமாம். அந்த ஒரு சொல்லால் நான் தப்புகிறேன். நாகேந்திரத்தின் தயவில்! ஒரு வாரமாக எனக்கு நித்திரை இல்லை. ஆயுள் தடையைத் தாங்கலாம், ஐயா. உங்கள் நல்ல குணத்தை நான் எப்படித் தாங்குவது?

முடிக்க முதல் ஒரு செயல்முறை விளக்கம். இதோ நூல். இதோ அதே ஈயம். இந்த முறை நொய்ந்த நூலில் கட்டியிருக்கிறேன், பசை இல்லை. எனக்கு ஒரு மீன் வேண்டும். தலைவர் அவர்களே, நீங்கள் வாருங்கள்.

(தலைவர்: "நானோ ஐஸே மீன்?")

நீளம் குறைவுதான், உடல் போதும். இந்த நுனியைப் பிடியுங்கள். ஈயம் மேசைக் காலில் சிக்கியிருக்கிறது. இப்போது ஓடுங்கள். இழுங்கள், இன்னும் இழுங்கள்...

கேட்டீர்களா? மேடைப் பலகையில் விழுந்த அந்தச் சத்தம்? ஈயம் கீழே. மீன் அந்தப் பக்கம், வேட்டியைச் சரிசெய்துகொண்டு, உயிரோடு. போனது ஒரு கரண்டி ஈயம்.

அதை எடுக்க வேண்டாம், சாந்தகுமார். கிடக்கட்டும்.

தலைவர் அவர்களே, உங்கள் திருத்தத்தை நான் வழிமொழிகிறேன். ஆம், நான்தான். இன்னொரு தரம் சொல்லச் சொல்லாதீர்கள். கைதட்டினாலும் சொல்ல மாட்டேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், கேட்காமல் வடை தின்றவர்களுக்கும், உண்மை பேசிய பத்மாவதிக்கும் நன்றி கூறி, கடைசி பஸ்ஸுக்கு முன் திருத்தத்துக்குக் கையை உயர்த்திவிடுங்கள் என்று வேண்டி, விடைபெறுகிறேன். வணக்கம்.