ஒரு துளி பச்சை

அன்று ஆஸ்பத்திரிக்குப் போன காரில் இருந்தவர்கள் நான்கு பேர்: டோமிச்சன், அவர் மனைவி ஜெஸ்ஸி, ஜெஸ்ஸியின் அண்ணன் கொச்சுமோன், வண்டியை ஓட்டிய ரெஜி என்கிற நான். எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டுடியோ கம்ப்யூட்டரை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் இன்ஸ்பெக்டர், மறைக்க ஒன்றுமில்லை.

வெள்ளைத் துணியைப் படம் பிடிப்பது கடினம். எங்கள் பாலா ஊரில் கிறிஸ்தவக் கல்யாணப் பெண்கள் எல்லோரும் வெள்ளைதான் உடுத்துகிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரிதான் சிரிக்கிறார்கள். பதினோரு வருடம் அந்தச் சிரிப்புகளுக்கு நிறம் சரிசெய்தேன். அதற்கு முன் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன், ராத்திரி ஷிஃப்ட் கால் சென்டரையும் விட்டவன். டோமிச்சனின் போட்டோ ஸ்டுடியோவில் உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது.

அவர் நல்ல படக்காரர். மறுக்கவில்லை. ஆனால் யாராவது படங்களைப் புகழ்ந்தால் என்னைச் சுட்டிக்காட்டி, "இவன் பட்டன் அமுக்குறவன். கண்ணு என்னோடது, விரலு மட்டும் இவனோடது," என்பார். வந்தவர்கள் பரிப்புவடையை மென்றபடியே சிரிப்பார்கள்.

கண் அவருடையதாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கேமராவின் மூலப்படத்தைத் திறக்கும்போது எப்படிக் காட்ட வேண்டும் என்று மென்பொருளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாக, அதில் பொறித்த எண்ணைக் கொண்டு. அவர் கேமராவின் எண்ணுக்கு மட்டும் ஒரு துளி பச்சை சேர்த்தேன். மாதம் ஒரு துளி கூட்டினேன்.

"என்னடா இது, பொண்ணு பாசி புடிச்ச மாதிரி இருக்கா? எடுக்கும்போது வெள்ளையாத்தானே இருந்தா?"

"ரீசெட் அடிச்சுப் பாருங்க சேட்டா."

இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் பொதுவான முட்டாள்தனம் இது. ரீசெட் அடித்தால் உண்மை தெரியும் என்று நம்புகிறார்கள். அது யாரோ ஒருவன் வைத்த தொடக்கத்துக்குத்தான் திரும்பும். அந்த ஒருவன் நான். அவர் அடித்தார், பச்சை. மறுபடி அடித்தார், பச்சை. கேமராவின் திரையில் வெள்ளையாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தச் சின்னத் திரையை நம்பாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

புதுக் கேமரா வாங்கினார். அதன் எண்ணையும் குறித்துக்கொண்டேன்.

ஒருநாள் ஜெஸ்ஸியைக் கூட்டி வந்தார். அவர்கள் வருவதற்குள் பச்சையை எடுத்துவிட்டிருந்தேன்.

"எங்கே பச்சை? பால் மாதிரி இருக்கே. உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

"நேத்து இருந்துச்சுடீ. ரெஜி, நீயாவது சொல்லுடா."

"நீங்களே பாருங்க சேச்சி," என்றேன். நான் பொய் சொல்வதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர்கள் போனதும் பச்சையைத் திரும்ப வைத்தேன்.

கோட்டயத்தில் இரண்டு கண் டாக்டர்கள் பார்த்தார்கள். கோளாறு இல்லை என்றார்கள். கண்ணில் இல்லையென்றால் வேறு எங்கே என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். அந்த யோசனையை நான் கொடுக்கவில்லை.

ஜனவரியில் ஒரு கல்யாணம். பலிபீடத்துக்கு முன்னால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, பெண்ணின் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, "இது வெள்ளையா? யாராவது சொல்லுங்களேன்," என்று கேட்டாராம். முந்நூறு பேர் பரிதாபப்பட்டார்கள். வெள்ளை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. இந்த ஜனங்களைத்தான் நான் அழகாக்கிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்ச நாள் ரெஸ்ட், அளியா. அவ்வளவுதான்," என்று கொச்சுமோன் தன் மச்சானைக் காரில் ஏற்றினான்.

மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னையும் விசாரித்தார். படங்களில் பச்சை எதுவும் இல்லை என்றேன். அன்று காலைதான் பச்சையைக் கடைசியாக நீக்கியிருந்தேன். ஆகவே அதுவும் உண்மை.

ஜெஸ்ஸி கையெழுத்துப் போடப் போயிருந்தாள். பணியாளுடன் நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு அறைவரை போனேன். டோமிச்சன் உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ என்கிட்ட பொய் சொல்லமாட்டே ரெஜி. இந்தச் சுவரு பச்சைதானேடா?"

பார்த்தேன். ஆஸ்பத்திரிகளுக்கென்றே அடிக்கும் இளம்பச்சை. புதிதாக அடித்திருந்தார்கள்.

"வெள்ளை, சேட்டா."

"அப்ப சரிடா," என்று கட்டிலில் உட்கார்ந்தார்.

பணியாள் கதவைச் சாத்தி, வெளியே பூட்டினான்.