கொள்ளிடம் தாண்டும் பேட்டரி

வெயில் காலத்தில் டயருக்குக் காற்றைக் கொஞ்சம் குறைவாக அடிக்க வேண்டும் என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். தவறு. காற்று குறைந்தால் டயர் தரையோடு ஒட்டும், மோட்டார் திணறும், பேட்டரி சீக்கிரம் வடியும். இதை என் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வெளியே போனதும் காற்றைத் திறந்துவிடுவார்கள். உள்ளே வரும்போது உங்கள் ஜீப்பையும் பார்த்தேன், இன்ஸ்பெக்டர். அதிலும் காற்று போதவில்லை.

இப்படிப்பட்ட ஜனங்களோடுதான் இத்தனை வருஷம் மாரடித்தேன். அம்மா மண்டபம் சாலையில் எலெக்ட்ரிக் சைக்கிள் கடை வைத்திருந்தேன். பேட்டரியை நானே கட்டி, நானே ஸ்டிக்கர் ஒட்டி விற்பேன். ஸ்டிக்கரில் அறுபது கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். அறுபது என்றால் ஒல்லியான ஆள், சமமான ரோடு, எதிர்க்காற்று இருக்கக் கூடாது, பெடலையும் மிதிக்க வேண்டும். வாங்குகிறவன் யார்? முன்னால் அரிசி மூட்டை, பின்னால் மனைவி, மனைவி மடியில் பலாப்பழம். கால் இரண்டும் பெடலில் சும்மா கிடக்கும். அப்படி ஒரு ஊர்வலம் போய்விட்டு வந்து, பாதிகூட ஓடவில்லையே சார் என்பான். நன்றாகத் திட்டி அனுப்புவேன். திட்டு வாங்கியவன் மறுநாள் பவ்யமாக வந்து நிற்பான்.

அனுசுயா அந்த ரகம் இல்லை. தொந்தரவே அதுதான். திருவெள்ளறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணவர் செல்லக்கண்ணுவுக்கு வெற்றிலை மண்டியில் வேலை. உத்தர வீதியில் வாடகைக்கு இருந்தார்கள். சித்திரையில் வண்டி வாங்கினார், ஆனியில் வந்து நின்றார். டயரில் காற்று சரியாக இருந்தது. பெடலை மிதித்துத்தான் ஓட்டுகிறார். சுமை என்று பார்த்தால் ஒரு சாப்பாட்டுப் பை. திட்டுவதற்கு எனக்கு ஒன்றுமே வைக்கவில்லை.

“காலையில நல்லாத்தான் போகுதுங்க. சாயந்திரம் திரும்பி வரும்போது கொள்ளிடம் பாலத்துல நின்னுடுது. லாரிக்கு நடுவுல தள்ளிக்கிட்டு வரேன். பயமா இருக்கு சார்.”

எதிர்க்காற்று என்றேன். ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். வெயில் என்றேன். அதையும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, “அதெல்லாம் கழிச்சாலும் இவ்வளவு குறையுமாங்க? ஒரு நாள் நீங்களே ஓட்டிப் பாருங்களேன்” என்றார். கடையில் வேறு ஆட்கள் நின்றிருந்தார்கள். மறுக்க முடியவில்லை.

ஓட்டினேன். அவர் வண்டியைக் கடையில் விட்டுப் போகச் சொல்லி, கடைப் பெயர் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு திருவெள்ளறை வரை போய்த் திரும்பினேன். எதிர்க்காற்று கொஞ்சம்தான் இருந்தது. பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவர் வந்தபோது, “அருமையா ஓடுது மேடம். கடை வாசல் வரைக்கும் வந்தது. நீங்க ஓட்டுற விதத்துலதான் கோளாறு” என்றேன். கடையில் நின்ற மற்றவர்கள் கிளம்பும்வரை பொறுத்திருந்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

“நேத்து பஸ்ல வரும்போது பாலத்துல உங்களைப் பார்த்தேன், அன்புச்செல்வன் சார். தள்ளிக்கிட்டு வந்தீங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், குரூப்லயும் போட மாட்டேன். உங்களுக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்கு. பேட்டரியை மட்டும் நல்லதா மாத்திக் குடுத்துடுங்க, போதும்.”

குரூப் என்பது என்னிடம் வண்டி வாங்கியவர்களுக்காக நான் நடத்திய வாட்ஸ்அப் குரூப். சீரங்கத்தில் பாதி அதில் இருக்கிறது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். அவர் என்னை மிரட்டியிருந்தால் நாம் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். மிரட்டுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். இவர் பரிதாபப்பட்டார். வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பெண்பிள்ளை என்னை மன்னித்துவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அவமானம் என்றே எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

சார்ஜ் போடும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவர் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெரு வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருபுறமும் பொதுச் சுவர், அகலம் கம்மி, உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் நடுவில் சுவர் எழுப்பி இரண்டு போர்ஷனாக்கி விட்டிருந்தார். இவர்களுக்கு முன்பக்கம். பின்வாசல் அடுத்த குடித்தனத்துக்குப் போய்விட்டது. வெளியே பிளக் வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அதனால் வாசல் கதவை ஒட்டி உள்ளே இருக்கும் ரேழியில், செருப்புகளுக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் நடுவே, பேட்டரியை வைத்துச் சார்ஜ் போடுகிறார்கள். ராத்திரி போட்டால் காலையில்தான் எடுப்பது. படுப்பது உள்ளறையில். வெளியே வருவதென்றால் அந்தப் பேட்டரியைத் தாண்டித்தான் வர வேண்டும்.

“இங்க போடலாமாங்க?” என்று அவரே கேட்டார்.

“தாராளமா போடுங்க. இங்கதான் காத்து வரும்” என்றேன்.

செல்லக்கண்ணு காபி கொண்டுவந்து கொடுத்தார். சுமாரான காபி. குடித்துவிட்டு, பேட்டரியையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன்.

பேட்டரிக்குள் ஒரு சின்னப் பலகை இருக்கும். செல்கள் அளவு மீறி வடிந்தாலும், அளவு மீறி ஏறினாலும், அது மின்சாரத்தை நிறுத்திவிடும். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தியது அதுதான். அதை எடுத்துவிட்டேன். சார்ஜரையும் கொஞ்சம் தாராளமாக ஏற்றும்படி மாற்றி வைத்தேன். அப்படி ஓடினால் அந்தச் செல்கள் நாளுக்கு நாள் உள்ளுக்குள் கெடும், ஒரு நாள் சார்ஜில் இருக்கும்போது பற்றிக்கொள்ளும். எந்த நாள் என்று மட்டும் சொல்ல முடியாது. புது செல் போட்டாயிற்று என்று சொல்லிக் கொடுத்தேன்.

வண்டி வீடு வரைக்கும் வந்தது. “அன்புச்செல்வன் சார் புது செல் மாற்றிக் கொடுத்தார், மிகவும் நன்றி” என்று குரூப்பில் போட்டார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார், பாலத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஆடிப்பெருக்கன்று ஆற்றுக்குப் போகும் வழியில் கடைக்கு வந்து புளிச்சாதமும் தேங்காய்ச் சாதமும் கொடுத்தார். “இப்ப பயமில்லாம வரேன் சார்” என்றார். அப்போதுகூட அந்தப் பேட்டரியை நான் திரும்ப வாங்கியிருக்கலாம், கேட்டால் உடனே கொடுத்திருப்பார். புளிச்சாதத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஆவணியில் ஒரு விடிகாலை, சார்ஜில் இருந்த பேட்டரி பற்றிக்கொண்டது. இரண்டு பேரும் வாசல் கதவுப் பக்கம் வர முடியவில்லை. நடுச்சுவரைத் தட்டியிருக்கிறார்கள். பின் போர்ஷன்காரர், கட்டிலை நகர்த்துகிறார்கள் போலிருக்கிறது என்று திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அந்த ஆளைப் பற்றி நீங்கள் ஒன்றும் விசாரிக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன். தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், ஒருவன் ராகுகாலத்தில் வாங்கிய வண்டி என்றான். மட்டமான சார்ஜரைப் பயன்படுத்தாதீர்கள் என்று அன்று மாலை குரூப்பில் போட்டேன். எல்லோரும் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார்கள்.

எரிந்த பேட்டரிக் கூட்டில் பலகை இல்லை என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்ததைப் பாராட்டுகிறேன். நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஆமாம், நான்தான் எடுத்தேன். தெரிந்தே எடுத்தேன். அவர்கள் எங்கே படுப்பார்கள் என்று பார்த்த பிறகு எடுத்தேன். செல்கள் புதியவையா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். இல்லை. ஓடி ஓய்ந்த எலெக்ட்ரிக் ஆட்டோக்களிலிருந்து கழற்றியவை, துடைத்து உறை மாற்றிக் கட்டியவை. அவருக்கு முதலில் கொடுத்ததும் அதுதான், குரூப்பில் இருக்கிற எல்லோர் வீட்டிலும் இருப்பதும் அதுதான்.

கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஏமாற்றினேன் என்று கீழே சேர்த்திருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். ஓட்டத் தெரிந்தவன் ஓட்டினால் என் வண்டி அறுபது கிலோமீட்டர் ஓடும்.