வடகரை மேசைக்கு இரண்டு கட்சி

மேடையில் அமர்ந்திருக்கும் கவுண்டி வாரியத் தலைவர் டெல்பர்ட் மோக் அவர்களே, பாதிரியார் அவர்களே, தாய் லவோனை இழந்து முன்வரிசையில் இருக்கும் மகள் ஜோலீன் அவர்களே, ஆற்றுக்குத் தென்கரையிலிருந்தும் எங்கள் வடகரையிலிருந்தும் வந்திருக்கும் மக்களே, உருளைக்கிழங்கு சாலட் வெயிலில் கெட்டுவிடுமே என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களே, எல்லாருக்கும் ஓபல் டுவோராக்கின் வணக்கம்.

சாலட் கெடாது. நான் சுருக்கமாகப் பேசுகிறவள் இல்லை என்பது தெரிந்து ஐஸ் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

லவோன் ஹ்ருஷ்கா! நம் கவுண்டிக்கு, இந்தச் சின்ன மாவட்டத்துக்கு, செயலர். பிறந்தவனைப் பதிந்தவர், மணந்தவனைப் பதிந்தவர், வாக்குச்சீட்டை அச்சிட்டவர், எண்ணியவர். ஐந்து தேர்தலில் அவரை எதிர்த்து நிற்க ஆளில்லை. ஏன் நிற்கவில்லை? அந்த வேலையைச் செய்ய யாருக்கும் தெம்பு இல்லை, அதனால்.

தங்கமான மனுஷி என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். போன மாதம் இதே கூடத்தில் நடந்த வரி விசாரணையின்போது இந்தத் தங்கப் பேச்சு எங்கே போயிருந்தது?

மாநிலத் தலைநகரில் புதுச் சட்டம் போட்டார்கள். கவுண்டி சொத்து வரியைக் கொஞ்சம் கூட்டினாலும் வீடுதோறும் ஓர் இளஞ்சிவப்பு அட்டை அனுப்ப வேண்டும். அட்டையில் செயலரின் பெயர், செயலரின் தொலைபேசி எண். வரியை விதித்த வாரியத்தாரின் பெயர் இல்லை. பள்ளிக்கூட வாரியத்தின் பெயர் இல்லை. சட்டத்தைப் போட்டவர்களின் பெயர் எந்த மூலையிலும் இல்லை! லவோன் ஹ்ருஷ்கா, லவோன் ஹ்ருஷ்கா, எல்லா அட்டையிலும் லவோன் ஹ்ருஷ்கா.

விசாரணை அன்று வேய்ன் ரெட்டிக் எழுந்தார். மூன்றாம் வரிசையில் நீலச் சட்டை. குனியாதீர்கள் வேய்ன், தெரிகிறது. அட்டையை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே ஆட்டினீர்கள்.

"திருட்டுக் கூட்டம்! என் நிலத்துக்கு இவ்வளவு வரியா? உன் பேருதானே இதுல இருக்கு?"

லவோன் ஒலிவாங்கியைப் பிடித்தபடி சொன்னார்: "வேய்ன், வரிய நான் போடல. என் பேரைப் போடணும்னு சட்டம் சொல்லுது, போட்டேன். வரி போட்டவங்க அதோ உக்காந்திருக்காங்க. ஆனா இன்னிக்கு அவங்க எதையும் முடிவு பண்ணக்கூடாதுன்னும் அதே சட்டம்தான் சொல்லுது."

"அப்ப எங்கள எதுக்கும்மா கூப்பிட்டீங்க?"

"கத்துறதுக்குத்தான். ஜன்னலெல்லாம் சாத்தியாச்சு. நல்லா கத்துங்க."

சிரித்தீர்கள். சிரித்துவிட்டு மறுபடியும் கத்தினீர்கள். சட்டம் போட்டவர் ஒருவராவது அங்கே இருந்தாரா? அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது யார்? வரி குறையும் என்று வீட்டு முற்றத்தில் அவர்களுக்குத் தேர்தல் பலகை நட்டது யார்? வரி குறைந்து மிஞ்சிய காசில் ஒரு டிராக்டர் டயர் வாங்க முடிந்ததா? சரளை கொட்டாத சாலையில் கிழிந்த டயர்களைக் கேளுங்கள், சொல்லும்.

கவுண்டியின் வருமானத்துக்கு மேலே மூடி போட்டார்கள். அதே கையால் செலவை ஏற்றினார்கள். வாக்குப்பெட்டிக்கு இரவு பகலாகக் கேமரா வை என்றார்கள். வாக்காளர் அட்டையைச் சோதி, அதற்குத் தனியாக ஆள் வை என்றார்கள். காசு அனுப்பினார்களா? உத்தரவுதான் தபாலில் வந்தது.

சென்ற ஆண்டு வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் நான் பின்பெஞ்சில் இருந்தேன். கவுண்டியில் ஐந்து வாக்குச்சாவடி. நான்கை மூடிவிட்டு நீதிமன்றக் கட்டடத்தில் ஒன்றே ஒன்று போதும் என்று வாரியம் சொன்னது. வடகரையிலிருந்து அங்கே வர சரளைப் பாதையில் ஒரு மணி நேரம், ஆற்றில் வெள்ளம் இல்லாவிட்டால். தபாலில் அனுப்பு என்றார்கள். வாக்குப்பதிவு முடிவதற்குள் கைக்கு வந்து சேராத சீட்டு செல்லாது, அதுவும் புதுச் சட்டம். நம் தபால் பெருநகரம் போய்ப் பிரிந்து திரும்பி வருவதற்குள் எருமைக் கன்றே பெரிதாகிவிடும்.

லவோன் சண்டை போட்டார். கடைசியில் தலைவர் சொன்னார்: "லவோன், வடகரைச் சாவடி வேணுமா, உங்களுக்கு உதவியாளர் வேணுமா? ரெண்டுக்கும் காசு இல்ல."

"உதவியாளர எடுத்துடுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிக்கிறதுக்கும் சேத்துத்தானே சம்பளம் குடுக்கிறீங்க? யோசிச்சாச்சு."

இரண்டு பேர் வேலையை அன்று முதல் ஒருவர் செய்தார். பிறகு அட்டை போயிற்று, தொலைபேசி ஓயாமல் அடித்தது, வசவு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மேசையிலேயே சாய்ந்தார். இருதயம் என்று மருத்துவர் எழுதினார். என்னிடம் பேனாவைக் கொடுத்திருந்தால் வேறு எழுதியிருப்பேன்.

இப்போது உள்ளே வரும்போது வாசலில் தலைவர் என் தோளைத் தட்டி மெதுவாகச் சொன்னார்: "வர்ற திங்கக்கெழமை வடகரைச் சாவடிய மூடுறதுக்குத் தீர்மானம் வருது, ஓபல். லவோனும் இல்ல. ஹார்லனும் வரமாட்டேன்னுட்டார். மேசைக்கு ஆள் இல்லாம என்ன பண்றது?"

இரங்கல் கூட்டத்து வாசலில்! மலர்கூட வாடவில்லை!

வாக்குச்சாவடி மேசையில் இரண்டு கட்சிக்காரர்களும் உட்கார வேண்டும். இது பழைய சட்டம், நல்ல சட்டம். வடகரையில் என் கட்சிக்காரர்கள் நிறைய. எதிர்க்கட்சியில் மேசைக்கு உட்கார்கிற ஆள் ஹார்லன் ஸ்டோக்கல் ஒருவர்தான். என் கணவரை அடக்கம் செய்த அன்றே எங்கள் இரண்டு நிலத்துக்கும் நடுவிலுள்ள வேலித் தகராறைப் பேசிய மனிதர். நான் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை.

முதல் தடவை அவருக்குப் பக்கத்தில் என்னைப் போட்டபோது லவோனிடம் கத்தினேன். "அந்த ஆளோடயா? பன்னியோட உக்காந்தாலும் உக்காருவேன்!"

"பன்னிக்கு ஓட்டுரிமை இல்ல, ஓபல். நீங்க அவரோட பேச வேணாம். வர்றவங்க பேர மட்டும் சத்தமாப் படிங்க. அவர் குறிச்சுக்குவார்."

அப்படியே செய்தோம். இத்தனை தேர்தலில் அந்த மனிதரிடம் நான் சொன்னதெல்லாம் அக்கம்பக்கத்தாரின் பெயர்கள்தான். அவரும் ஒன்றையும் தவறாகக் குறித்ததில்லை. அதைச் சொல்லாவிட்டால் பொய் சொன்னவள் ஆவேன்.

மேசைக்காரர் தவறு செய்தால் மேசைக்காரருக்கே அபராதம் என்று இந்த ஆண்டு இன்னொரு சட்டம். அதனால்தான் ஹார்லன் விலகினார். பயம் நியாயமானது. ஆனாலும் கேட்கிறேன். ஹார்லன் ஸ்டோக்கல் அவர்களே, கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்களே, ஒரு பெண் தன் உதவியாளரைக் கொடுத்து, பிறகு தன்னையும் கொடுத்துக் காத்த மேசை அது. திங்கட்கிழமையோடு அதைத் தூக்கி அடுப்பில் வைக்கலாமா?

என்ன? உரக்கச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லை. அபராதம் வந்தால் யார் கட்டுவது என்கிறீர்களா?

பாதி நான்.

ஆமாம், நான்தான் சொல்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வாக்குப்பதிவு அன்று எத்தனை மணிக்கா? காலை ஆறுக்கு. தாமதமாக வராதீர்கள்.

வேய்ன், உங்களுக்கும் சேர்த்துத்தான். கத்தத் தெரிந்த வாய்க்கு அன்று வாசலில் நின்று வழி சொல்லவும் தெரியும். கூலி கிடையாது.

லவோன் ஹ்ருஷ்காவின் பெயரால் வடகரை கொடுக்கும் வாக்கு இது. தலைவரே, திங்கட்கிழமை நான் முதல் பெஞ்சில் இருப்பேன். மேசைக்கு ஆள் வந்தாயிற்று, இரண்டு கட்சியும் வந்தாயிற்று. மூடுவதென்றால் இனி வேறு காரணம் தேடிக்கொண்டு வாருங்கள்.